பக்திமான்களின் பாவம்: பிரித்துப் பார்க்க வேண்டிய கேள்விகள்

ரவி சகரியாஸ் 2020 மே மாதம் இறந்தபோது, கிறிஸ்தவ விசுவாசத்துக்காக அறிவுத்தளத்தில் நின்று வாதாடிய பெரிய குரல் ஓய்ந்துவிட்டது என்று பல நாடுகளிலிருந்து அஞ்சலிகள் குவிந்தன. 2021 பிப்ரவரியில், அவருடைய ஊழிய நிறுவனமே அமர்த்திய வழக்கறிஞர்களின் விசாரணை அறிக்கை வெளியானது. அவர் பல ஆண்டுகளாகப் பல பெண்களிடம் பாலியல் ரீதியாக அத்துமீறியிருக்கிறார் என்றது அந்த அறிக்கை. அதற்கு ஓராண்டு முன்புதான் ழான் வனியே பற்றிய அறிக்கை வந்திருந்தது. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களோடு ஒரே வீட்டில் சேர்ந்து வாழும் லார்ஷ் சமூகங்களை 1964-ல் பிரான்சில் தொடங்கியவர் வனியே. உயிரோடிருந்தபோதே பலரால் புனிதராக மதிக்கப்பட்டவர். ஆன்மிக வழிகாட்டல் தேடி வந்த பெண்களை அவர் தன் இச்சைக்குப் பயன்படுத்திக்கொண்டார் என்பது, 2019-ல் அவர் இறந்த பிறகே உலகுக்குத் தெரிந்தது. 2020 அறிக்கை ஆறு பெண்களைப் பற்றிப் பேசியது. 2023-ல் வந்த விரிவான ஆய்வு குறைந்தது 25 பேர் என்றது.

இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் இரண்டு குரல்கள் உடனே எழும். "எல்லாமே வேஷம்தான்" என்பது ஒன்று. வேதாகமத்து ராஜாவைச் சுட்டி, "தாவீது விழவில்லையா? நியாயந்தீர்க்க நாம் யார்?" என்பது இன்னொன்று. இரண்டும் அவசரத்தில் பிறப்பவை. இரண்டும் பேச்சை அங்கேயே முடித்துவிடப் பார்ப்பவை. ஆனால் இந்தப் பிரச்சினை புதிதல்ல. கிறிஸ்தவ எழுத்தாளர்கள் இதை ஆயிரத்தெழுநூறு ஆண்டுகளாக விவாதித்து வருகிறார்கள். அவர்கள் சொன்னதில் எது இன்றைக்கு உதவுகிறது, எது போதாமல் நிற்கிறது என்று பார்க்கலாம்.

## முதலில் கேள்விகளைப் பிரிப்போம்

குழப்பத்தின் பெரும்பகுதி, நான்கு தனித்தனிக் கேள்விகளை ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதால் வருகிறது.

1. அந்த மனிதரின் நிலை: அவர் மெய்யான விசுவாசிதானா? பாவத்தில் இருந்த நாட்களில் தேவனோடு அவருக்கு உறவு இருந்ததா? அவருக்கு மன்னிப்பு உண்டா?
2. அவர் செய்த ஊழியம்: அவர் கையால் பெற்ற ஞானஸ்நானம், அவர் பிரசங்கத்தால் வந்த மனமாற்றம், அவர் நடத்திய திருமணம் ஆகியவை செல்லுமா?
3. அவர் வகித்த பொறுப்பு: பிரசங்க மேடையிலும் பதவியிலும் அவர் தொடரலாமா?
4. அவர் விட்டுச்சென்றவை: நூல்கள், பாடல்கள், நிறுவனங்கள் இவற்றை என்ன செய்வது?

முதல் கேள்விக்கான பதிலைத் தூக்கி மூன்றாவது கேள்விக்குப் பொருத்துவதுதான் வழக்கமாக நடப்பது. "தேவன் மன்னித்துவிட்டார்" என்பது முதலாவதற்கான பதில். அதை வைத்துக்கொண்டு "ஆகவே மறுபடி மேடையேற்றுங்கள்" என்பார்கள். எதிர்த்தரப்பும் இதே பிழையைத் தலைகீழாகச் செய்யும்: மூன்றாவது கேள்விக்கு 'கூடாது' என்று பதில் வந்தவுடன், இரண்டாவதற்கும் நான்காவதற்கும் அதையே பதிலாக்கிவிடும். ஐந்தாவதாகவும் ஒரு கேள்வி இருக்கிறது: பாதிக்கப்பட்டவருக்கு என்ன செய்யப்பட வேண்டும்? பழைய இறையியல் நூல்களில் இதை அபூர்வமாகத்தான் பார்க்க முடிகிறது. அதற்குப் பின்னால் வருவோம்.

## வேதாகமம் தன் மாந்தரை எழுதும் விதம்

நோவா குடித்து வெறித்து விழுந்து கிடந்தான். ஆபிரகாம் உயிருக்குப் பயந்து மனைவியைச் சகோதரி என்று சொன்னான், அதுவும் இரண்டு தடவை. மோசே கன்மலையை அடித்த குற்றத்துக்காகக் கானானுக்குள் நுழைய முடியாமல் போனான். பேதுரு இயேசுவை மறுதலித்தான், பிறகு அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிடுவதை விட்டு விலகி, பவுலிடம் முகத்துக்கு நேராகக் கண்டனம் வாங்கினான்.

இந்தக் கடைசிச் சம்பவத்தை வைத்து ஆதித் திருச்சபை அறிஞர்களான ஜெரோமும் அகஸ்டினும் கடிதங்களில் மோதிக்கொண்டார்கள். அப்போஸ்தலர்கள் உண்மையில் சண்டையிடவில்லை, சபைக்குப் பாடம் புகட்ட ஒரு காட்சி நடத்திக் காட்டினார்கள் என்பது மூன்றாம் நூற்றாண்டு அறிஞர் ஓரிகனைப் பின்பற்றி ஜெரோம் தந்த விளக்கம். அகஸ்டினுக்கு அது பொறுக்கவில்லை. பேதுருவின் மரியாதையைக் காப்பாற்ற வேதவாக்கியத்துக்குள் ஒரு பொய்யை அனுமதித்தால், பிறகு எந்த வாக்கியத்தை நம்புவது என்று கேட்டார். அவர் கணக்கில் அப்போஸ்தலன் தவறியதே உண்மை. திருத்தத்தை ஏற்றுக்கொண்டதுதான் அவனுடைய பெருமை. ஒரு பெரியவரின் பெயரைக் காக்க நடந்ததை மெழுகிவிடலாமா என்ற இன்றைய கேள்விக்கு, ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிடைத்துவிட்ட பதில் இது.

ஆனாலும் எல்லா விவாதமும் கடைசியில் வந்து சேரும் இடம் தாவீதுதான். 2 சாமுவேல் 11, 12 அதிகாரங்களில் நடப்பது இவ்வளவு: ராஜா பத்சேபாளை ஆளனுப்பி வரவழைக்கிறான், அவள் கர்ப்பமானது தெரிந்ததும் அவளுடைய கணவன் உரியாவைப் போர்க்களத்தில் திட்டமிட்டுச் சாகவைக்கிறான், அவளை மனைவியாக்கிக்கொள்கிறான், நாத்தான் தீர்க்கதரிசி வந்து ஓர் ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பற்றிக் கதை சொல்லி, "நீயே அந்த மனுஷன்" என்கிறான். தாவீது பாவத்தை ஒப்புக்கொள்கிறான்.

இங்கே வாசகர்கள் பலமுறை தாண்டிப் போகும் ஒரு விஷயம் இருக்கிறது. பாவம் நீக்கப்பட்டது, நீ சாவதில்லை என்று நாத்தான் சொல்வதும், பட்டயம் உன் வீட்டைவிட்டு விலகாது என்று அவன் சொல்வதும் ஒரே சந்திப்பில்தான். மன்னிப்பு வந்தது, விளைவுகள் ரத்தாகவில்லை. ஒருவனையொருவன் பகைத்த அவனுடைய மகன்கள் அம்னோன், அப்சலோம் கதைகள் அடுத்தடுத்த அதிகாரங்களிலேயே தொடங்கிவிடுகின்றன.

பிற்கால நூல்கள் இதை எப்படி நினைவில் வைத்தன என்பதும் பார்க்கத்தக்கது. நாளாகமம் இந்தச் சம்பவத்தையே விட்டுவிடுகிறது. அதன் அக்கறை ஆலயமும் வம்சமும். ஆனால் 1 இராஜாக்கள் 15:5, தாவீது செம்மையானதைச் செய்தான் என்று புகழ்ந்த அதே வாக்கியத்தில் 'ஏத்தியனாகிய உரியாவின் சங்கதி ஒன்றுதவிர' என்று ஒரு விலக்கைச் சேர்க்கிறது. மத்தேயு இயேசுவின் வம்ச வரலாற்றை எழுதும்போது பத்சேபாளின் பெயரைச் சொல்லாமல், உரியாவின் மனைவியாயிருந்தவள் என்கிறான். அதாவது, கொலையுண்டவனின் பெயர் மேசியாவின் குடும்பப் பட்டியலுக்குள்ளேயே இருக்கிறது. புகழுரையும் குற்றப்பதிவும் சேர்ந்தே நிற்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரிந்து இல்லை.

## விழுந்து கிடந்த மாதங்களில் தாவீது யார்?

பாவத்துக்கும் நாத்தான் வருகைக்கும் இடையில் ஏறக்குறைய ஒரு கர்ப்பகாலம் கழிந்திருக்கிறது. அந்த மாதங்களில் தாவீது மனந்திரும்பியதாக ஒரு குறிப்பும் இல்லை. அப்போது அவன் இறந்திருந்தால்? முதல் கேள்வியின் கூர்முனை இதுதான். திருச்சபை மரபுகள் இதில்தான் பிரிகின்றன.

1. கத்தோலிக்க மரபு: திரெந்து பொதுச்சங்கம் 1547-ல் அறிவித்தபடி, சாவான பாவம் (தெரிந்தே செய்யும் பெரும் பாவம்) எதுவாயினும் அருள்நிலையை இழக்கச் செய்யும், விசுவாசம் மட்டும் மிஞ்சியிருக்கலாம். அந்த மாதங்களில் தாவீது அருளை இழந்தவன். மனந்திரும்பியபோது திரும்பப் பெற்றவன்.

2. லூத்தர் (16-ம் நூற்றாண்டுச் சீர்திருத்தத்தின் முன்னோடி): 'ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியும்' என்ற அவருடைய சூத்திரத்தை வைத்து, அவர் தாவீதை மென்மையாக நடத்துவார் என்று எதிர்பார்ப்போம். 1536 இறுதியில் எழுதிய ஸ்மால்கால்ட் கட்டுரைகள் என்ற விசுவாச அறிக்கையில் நேர்மாறாகச் சொல்கிறார்: பரிசுத்தவான்கள் தாவீதைப்போல விபசாரத்திலும் கொலையிலும் வெளிப்படையாக விழும்போது, விசுவாசமும் பரிசுத்த ஆவியும் அவர்களை விட்டுப் போய்விட்டன. அந்தச் சூத்திரம் போராடிக்கொண்டிருக்கும் பாவியைப் பற்றியது. பாவத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டவனுக்கு அது பொருந்தாது.

3. ஜெனிவாவின் சீர்திருத்தவாதி கால்வின் வழிவந்த சீர்திருத்த சபைகள்: 1618–19-ல் நெதர்லாந்தில் கூடிய டார்ட் சங்கம் தாவீதையும் பேதுருவையும் பெயர் சொல்லியே எடுத்துக்கொள்கிறது. இப்படிப்பட்ட பாவங்கள் தேவனை மிகவும் புண்படுத்துகின்றன, ஆவியானவரைத் துக்கப்படுத்துகின்றன, மனச்சாட்சியைக் காயப்படுத்துகின்றன, கிருபையின் உணர்வைச் சில காலம் இழக்கச் செய்கின்றன. ஆனால் தேவன் தம்முடையவர்களை விட்டு ஆவியை முழுமையாக எடுத்துவிடுவதில்லை. அவர்களை மனந்திரும்பச் செய்து மீட்டுக்கொள்வார்.

4. வெஸ்லி (18-ம் நூற்றாண்டில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கியவர்): தாவீதின் வீழ்ச்சியை அவர் படிப்படியாகப் பிரிக்கிறார். சோதனை வருகிறது, ஆவியானவர் எச்சரிக்கிறார், எச்சரிப்புக்குச் செவிகொடுக்கவில்லை, விசுவாசம் தளர்கிறது, கடைசியில் வெளிப்படையான பாவம். வெளியே தெரியும் பாவத்துக்கு முன்பே உள்ளே ஓர் அலட்சியம் நடந்து முடிந்துவிட்டது என்பது அவருடைய கணிப்பு. கிருபையிலிருந்து ஒருவர் விழுந்து மீளாமலே போகவும் முடியும் என்று அவர் நம்பினார்.

தாவீதின் மனந்திரும்புதல் ஜெபமாக வைக்கப்பட்டிருக்கும் சங்கீதம் 51-ல் வரும் 'உமது பரிசுத்த ஆவியை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளாமலும் இரும்' என்ற வேண்டுதலை இந்த நான்கு தரப்பும் தன் பக்கம் சேர்த்துக்கொள்ள முடியும். எடுக்கப்படாமல் இருந்ததால் அப்படிக் கேட்டானா, இழந்துவிட்ட பயத்தில் கேட்டானா என்பதை வசனம் மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. 'நான் விரும்பாத தீமையையே செய்கிறேன்' என்ற ரோமர் 7-க்கும் இதே கதிதான். அகஸ்டினே முதலில் அதைக் கிருபைக்கு வெளியே இருப்பவனின் குரல் என்று வாசித்து, முதுமையில் பவுல் தன்னையே சொல்கிறான் என்று கருத்தை மாற்றிக்கொண்டார். லூத்தரும் கால்வினும் பிந்திய அகஸ்டினோடு போனார்கள். டச்சு இறையியலாளர் அர்மினியஸும் வெஸ்லியும் போகவில்லை.

இவ்வளவு வேறுபாட்டுக்கு நடுவில் ஓர் ஒற்றுமையும் இருக்கிறது. அந்த மாதங்களில் தாவீது நலமாக இருந்தான் என்று ஒருவரும் சொல்லவில்லை. டார்ட் சங்கம்கூட! 'ஒருமுறை இரட்சிக்கப்பட்டால் எப்போதும் இரட்சிக்கப்பட்டவர்' என்று வாயில் வருவதைச் சொல்லி ஒரு ஊழியரின் ரகசிய வாழ்க்கையை லேசாக்குகிறவர்கள், அந்த மரபின் மூல ஆவணத்தை வாசித்தால் திடுக்கிடுவார்கள்.

எதிர்முனையிலும் ஒரு சுலப வழி உண்டு. 'அவர் ஒருநாளும் நம்மவராக இருக்கவில்லை' என்று சொல்லிவிடுவது. சிலர் விஷயத்தில் அது உண்மையாகவே இருக்கலாம். "கர்த்தாவே, கர்த்தாவே" என்று சொல்லித் தீர்க்கதரிசனம் உரைத்தவர்களில் சிலரை "ஒருக்காலும் நான் உங்களை அறியவில்லை" என்று கிறிஸ்து அனுப்பிவிடுவார் என்கிறது மத்தேயு 7. ஆனால் ஒரு சபை அவசரமாக இப்படி அறிவிக்கும்போது, பெரும்பாலும் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. அவர் ஓநாய் என்று முத்திரை குத்திவிட்டால், அவரை மேய்ப்பராக வைத்துக் கொண்டாடிய நம் பங்கைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள் அல்லவா?

## கெட்டவர் கையால் பெற்ற ஞானஸ்நானம்

இரண்டாவது கேள்விக்குத்தான் மிகத் தெளிவான பதில் கிடைத்திருக்கிறது. அந்தத் தெளிவுக்குக் கொடுத்த விலை நூறு ஆண்டுச் சண்டை.

303-ல் ரோமப் பேரரசன் தியோக்கிலேசியன் தொடங்கிய உபத்திரவத்தில், வேதச்சுருள்களை அதிகாரிகளிடம் ஒப்படைக்கும்படி கட்டளை வந்தது. சில ஆயர்கள் பயந்து ஒப்படைத்தார்கள். உபத்திரவம் ஓய்ந்ததும் வட ஆப்பிரிக்காவில் பிரச்சினை வெடித்தது: அப்படி ஒப்படைத்தவர் செய்த அபிஷேகமும் ஞானஸ்நானமும் செல்லுமா? செல்லாது என்றவர்கள் தொனாத்து என்ற ஆயரின் பெயரால் தொனாத்தியர் எனப்பட்டார்கள். 314-ல் ஆர்ல் நகரில் கூடிய ஆயர்கள் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். பிரிவு தீரவில்லை, 411-ல் கார்த்தேஜில் இரு தரப்பும் கூடி விவாதித்தபோது அகஸ்டின்தான் முதன்மை வாதி.

அவர் வாதத்தின் மையம் எளியது. பேதுரு ஞானஸ்நானம் கொடுத்தாலும், யூதாஸ் கொடுத்தாலும், கொடுப்பவர் கிறிஸ்துவே. கொடுப்பவரின் சுத்தத்தை நம்பி ஞானஸ்நானம் நிற்குமானால், எந்த விசுவாசியும் ஒருநாளும் நிம்மதியாக இருக்க முடியாது; யாருடைய உள்ளம் யாருக்குத் தெரியும்? பிளவுபட்ட மேற்குத் திருச்சபையில் கத்தோலிக்கரும், லூத்தரன்களும், ஆங்கிலிக்கன்களும் ஒத்துப்போகிற அபூர்வ இடங்களில் இதுவும் ஒன்று.

ஆகவே, பின்னால் அம்பலமான ஒருவரின் பிரசங்கம் கேட்டு மனந்திரும்பியவர் தன் விசுவாசத்தைச் சந்தேகிக்கத் தேவையில்லை. இந்த ஆறுதல் உண்மையானது. ஆனால் இது யாருக்காகச் சொல்லப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. பெற்றவரைக் காக்க எழுந்த கோட்பாடு இது. கொடுத்தவரைக் காக்க அல்ல. ஆங்கிலிக்கன் சபையின் 39 விதிகளில் 26-வது விதி இதை இரண்டு பாதியாகவே எழுதியிருக்கிறது. முதல் பாதி, தகுதியற்ற ஊழியர் நடத்தினாலும் திருவிருந்தின் பலன் குறையாது என்கிறது. இரண்டாம் பாதி, அப்படிப்பட்டவர்கள்மேல் விசாரணை நடத்தப்பட வேண்டும், குற்றம் அறிந்தவர்கள் புகார் சொல்ல வேண்டும், குற்றம் நிரூபணமானால் நீதியான தீர்ப்பின்படி பதவியிலிருந்து நீக்கப்பட வேண்டும் என்கிறது. முதல் பாதியை மேற்கோள் காட்டுகிறவர்களில் எத்தனை பேர் இரண்டாவதைப் படித்திருப்பார்கள்?

## தாவீதை யார் துணைக்கு அழைக்கிறார்கள்?

390-ல் தெசலோனிக்கேயில் கலகம் ஒன்றுக்குப் பழிவாங்க, பேரரசர் தியடோசியஸின் உத்தரவால் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். தியடோசியஸ் பக்தியுள்ள கிறிஸ்தவர். மிலான் ஆயர் அம்புரோஸ் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார்: மனந்திரும்பும்வரை உமக்கு நற்கருணை இல்லை. அந்தக் கடிதத்தில் அவர் நீட்டிக் காட்டிய முன்மாதிரி தாவீதுதான். அம்புரோஸின் வாழ்க்கையை எழுதிய பவுலினுஸ் ஒரு பரிமாற்றத்தைப் பதிவு செய்கிறார். தாவீதும் பாவம் செய்தானே என்று பேரரசர் சொன்னாராம். தவறியதில் அவனைப் பின்பற்றினீர், திருந்தியதிலும் பின்பற்றும் என்றாராம் ஆயர். தியடோசியஸ் பேரரசருக்குரிய அலங்காரங்களைக் களைந்து, சபை முன்னிலையில் பாவப்பரிகாரம் செய்தார்.

தாவீதின் பெயர் தப்பிக்கும் வழியாக நீட்டப்பட்டபோது, அதை அழைப்பாணையாகத் திருப்பித் தந்தார் அம்புரோஸ்.

'நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்' என்ற சங்கீதம் 105:15-ம் இதேபோலத் தவறாகப் புழங்குகிறது. அந்தச் சங்கீதத்தில் அது ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோரை அந்நிய ராஜாக்களிடமிருந்து தேவன் காத்ததைப் பற்றியது. 'அபிஷேகம் பெற்றவர்மேல் கைபோட மாட்டேன்' என்று தன்னைத் துரத்திய ராஜா சவுலைக் கொல்ல மறுத்த தாவீது, அதே அதிகாரத்தில் (1 சாமுவேல் 24), ஆட்கள் கேட்கும்படி சவுலின் அநியாயத்தை முகத்துக்கு நேரே எடுத்துச் சொல்கிறான். கொல்லாமலிருப்பது வேறு, கேள்வி கேட்காமலிருப்பது வேறு. நாத்தான் கேள்வி கேட்ட தாவீதும் அபிஷேகம் பெற்றவன்தானே.

மூன்றாவது கேள்விக்கு, அதாவது பொறுப்பு பற்றிய கேள்விக்கு, புதிய ஏற்பாடு விசுவாசிக்கு வைக்கும் அளவைவிடக் கடுமையான அளவையே வைக்கிறது. கண்காணி, அதாவது சபையை மேற்பார்வையிடுபவன், குற்றஞ்சாட்டப்படாதவனாக இருக்க வேண்டும் (1 தீமோத்தேயு 3:2). மூப்பனுக்கு எதிரான பிராதுக்கு இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்ற வசனம் அடிக்கடி கேட்கும். பாவஞ்செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்று அதற்கு அடுத்த வசனமே சொல்வது அவ்வளவாகக் கேட்பதில்லை (5:19, 20). போதகர்களுக்கு அதிக ஆக்கினை என்கிறது யாக்கோபு 3:1. ஒருவர் மன்னிக்கப்பட்ட விசுவாசியாகச் சபையின் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஆராதிக்கலாம். பிரசங்க மேடை அவருக்கு உரிமைச் சொத்து அல்ல. ஆனால் தாவீது ராஜாவாகவே தொடர்ந்தானே என்பார்கள். தொடர்ந்தான். பரம்பரை முடியாட்சியின் விதி அது. சபையின் கண்காணிப் பணி அப்படி அமைக்கப்படவில்லை.

## 'அந்தக் காலத்து மனிதர்' என்ற வாதம்

தாவீதுக்குத் தான் செய்தது பாவம் என்று தெரியும், அதனால்தான் மறைத்தான். பாவம் என்றே உணராமல் செய்தவர்களை என்ன சொல்வது?

ஜோனத்தன் எட்வர்ட்ஸ் அமெரிக்காவின் மிகப் பெரிய இறையியலாளர்களில் ஒருவர். 1731-ல் நியூபோர்ட்டில் வீனஸ் என்று பெயரிடப்பட்ட ஆப்பிரிக்கச் சிறுமியை விலைக்கு வாங்கினார். புகழ்பெற்ற பிரசங்கி ஜார்ஜ் விட்ஃபீல்ட் 1740-ல் தென் பகுதிப் பண்ணையார்களின் கொடுமைகளைக் கண்டித்துக் கடிதம் வெளியிட்டவர். அவரே பிறகு தம்முடைய அனாதை இல்லத்தின் செலவுக்காக, அடிமைமுறை தடைசெய்யப்பட்டிருந்த ஜார்ஜியாவில் அதை அனுமதிக்க வேண்டும் என்று வாதாடினார்; 1751-ல் அனுமதி கிடைத்தது. 1770-ல் அவர் இறந்தபோது, அடிமையாக இருந்த இளங்கவிஞர் ஃபில்லிஸ் வீட்லி அவரைப் போற்றி இரங்கற்பா எழுதினார் என்பதும் வரலாறுதான். யாருக்கும் வசதியாக அமையாத வரலாறு. இந்தப் பட்டியலில் லூத்தர் 1543-ல் யூதர்களுக்கு எதிராக எழுதிய நஞ்சையும், 1553 அக்டோபர் 27-ல் ஜெனிவாவில் திரித்துவத்தை மறுத்த சர்வேத்துஸ் எரிக்கப்பட்டதில் கால்வினின் பங்கையும் சேர்க்க வேண்டும்.

'ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு குருட்டுப்புள்ளி உண்டு' என்பது இவர்களுக்காகச் சொல்லப்படும் வழக்கமான விளக்கம். அதில் உண்மை இருக்கிறது. நமக்கும் அப்படி ஏதோ இருக்கும். ஆனால் இந்த விளக்கத்தை மூன்று சோதனைகளுக்கு உட்படுத்தாமல் ஏற்கக் கூடாது.

1. அந்தக் காலத்தில் ஒருவரும் பார்க்கவில்லையா? பார்த்தார்கள். அமைதிவாதக் கிறிஸ்தவப் பிரிவான குவேக்கரைச் சேர்ந்த ஜான் உல்மன் 1754-லேயே அடிமைமுறைக்கு எதிராக எழுதி வெளியிட்டார். வெஸ்லி 1774-ல் எழுதினார். சர்வேத்துஸ் விஷயத்தில் கால்வின் காலத்து அறிஞர் கஸ்தெல்லியோ அப்போதே எதிர்த்தார். ஒரு மனிதனைக் கொல்வது கோட்பாட்டைக் காப்பதாகாது, மனிதனைக் கொல்வதே ஆகும் என்பது அவர் வாக்கு. மேலும், 'அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது' என்று சொல்லும்போது அந்த 'யாருக்கும்' என்பதில் அடிமைகளைச் சேர்க்க மறந்துவிடுகிறோம். அவர்களுக்குத் தெரியும்.

2. குருடாக இருந்ததால் அவருக்கு லாபம் இருந்ததா? விட்ஃபீல்டுக்கு இருந்தது. லாபம் இருக்கும் இடத்தில் குருட்டுப்புள்ளி என்ற சொல் கொஞ்சம் அதிகப்படியான இரக்கம். அடிமையாகப் பிறந்து தப்பிய ஃபிரெடெரிக் டக்ளஸ், தான் கண்ட எஜமானர்களில் பக்தியுள்ளவர்களே மிக மோசமானவர்கள் என்று 1845-ல் எழுதினார். பக்தி அவர்கள் மனச்சாட்சிக்கு உறையாகிவிட்டது.

3. காட்டப்பட்டபோது என்ன செய்தார்? ஜான் நியூட்டன் 1748-ல் மனந்திரும்பிய பிறகும் அடிமைக் கப்பலின் தலைவராகப் பயணம் போனவர். 1754-ல் கடலை விட்டார். ஆனால் 1788-ல்தான் அந்த வியாபாரத்துக்கு எதிராக வெளிப்படையாக எழுதினார். தாமதம் பெரிது. ஆயினும் அதில் அவர் தன்னைத் தப்பவிடவில்லை. இன்று தன் உள்ளம் நடுங்குகிற ஒரு தொழிலில் தானே கருவியாக இருந்தேன் என்று எழுதிவைத்தார். எட்வர்ட்ஸின் சீடர் சாமுவேல் ஹாப்கின்ஸும், எட்வர்ட்ஸின் மகனும் அடிமைமுறைக்கு எதிராக நின்றார்கள். ஒரே மரபு, ஒரே வேதம். ஒரு தலைமுறைக்குள் பார்வை மாறியிருக்கிறது.

## பக்தியே கருவியாகும்போது

பாவம் என்று தெரிந்தே மறைத்தவர்கள், உணராமலே செய்தவர்கள் தவிர, மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. இதைத்தான் பழைய எழுத்தாளர்கள் போதிய அளவு யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன். தாவீது பாவம் செய்ய ராஜ அதிகாரத்தைப் பயன்படுத்தினான், சங்கீதங்களைப் பயன்படுத்தவில்லை. வனியே ஆன்மிக வழிகாட்டலையே பயன்படுத்தினார். ஜெபமும் ஞானப் பேச்சும் அத்துமீறலுக்கு வாசலாயின.

அகிம்சையை வலியுறுத்தும் மென்னொனைட் சபையின் இறையியலாளர் ஜான் ஹோவர்ட் யோடர் கிறிஸ்தவ அகிம்சையைப் பற்றி எழுதி உலகப்புகழ் பெற்றவர். 1997-ல் இறந்தார். 2015-ல் வெளியான ஒரு வரலாற்று ஆய்வு, அவர் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களிடம் அத்துமீறியிருக்கலாம் என்று காட்டியது. தான் செய்ததைக் கிறிஸ்தவ நெருக்கம் பற்றிய ஓர் இறையியல் பரிசோதனை என்றே அவர் பெண்களிடம் விளக்கினார். 'உன் சகோதரன் குற்றஞ்செய்தால் அவனிடம் தனித்துப் போய்ச் சொல்' என்ற மத்தேயு 18-ன் முறையும் அவருக்குக் கேடயமானது. சமமான இருவருக்குச் சொல்லப்பட்ட முறையை, பேராசிரியருக்கும் மாணவிக்கும் இடையில் வைத்தால் என்ன ஆகும்? 1992-ல் சபை தொடங்கிய ஒழுங்கு நடவடிக்கை 1996-ல் முடிந்தபோது, அவர் மீண்டும் கற்பிக்கவும் எழுதவும் ஊக்குவிக்கப்பட்டார். பெண்களுக்கு என்ன என்பது திறந்தே கிடந்தது.

இந்த இடத்தில்தான் ஐந்தாவது கேள்வி வருகிறது. விழுந்தவரின் ஆத்துமா என்ன ஆகும் என்பதில் பழைய நூல்கள் காட்டும் நுணுக்கத்தில் பத்தில் ஒரு பங்குகூட விழுத்தப்பட்டவர்மேல் காட்டப்படவில்லை. பத்சேபாளை மயக்குக்காரியாக வாசித்த உரையாசிரியர்கள் பலர். நாத்தானின் கதையிலோ ஆட்டுக்குட்டிமேல் ஒரு குற்றமும் இல்லை. 'தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து' என்ற சங்கீத வரியை, மனிதர்களுக்குச் செய்த தீங்கு இரண்டாம்பட்சம் என்பதுபோல் எடுத்தவர்களும் உண்டு. நியாயப்பிரமாணம் அப்படிப் பேசவில்லை. அயலானுக்குச் செய்த அநியாயம் கர்த்தருக்கு விரோதமான துரோகம் என்று சொல்லும் எண்ணாகமம் 5, பாவத்தை அறிக்கையிட்டு, ஐந்தில் ஒரு பங்கு கூட்டி ஈடுசெய்யும்படி அதே மூச்சில் கட்டளையிடுகிறது. அந்த ஆட்டுக்குட்டிக்காக நாலத்தனை (நான்கு மடங்கு) திரும்பச் செலுத்த வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது தாவீதேதான். வரி வசூலிப்பவனான சகேயு நாலத்தனை திருப்பித் தருகிறேன் என்ற பிறகே அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு அறிவிக்கிறார். பாவ அறிக்கை இருக்கிறது, ஈடுசெய்தல் இல்லை என்றால், வேதம் மனந்திரும்புதல் என்று சொல்வதில் பாதி வரவில்லை.

## நூல்களை என்ன செய்வது?

நான்காவது கேள்விக்குச் சபைகளும் பதிப்பகங்களும் இன்னும் தடவித்தடவித்தான் வழி தேடுகின்றன. சகரியாஸின் நூல்களை அவருடைய முதன்மைப் பதிப்பகம் 2021-ல் அச்சிலிருந்து விலக்கிக்கொண்டது. யோடரின் நூல்களை வெளியிட்ட மென்னொனைட் பதிப்பகம் வேறு வழி எடுத்தது: 2013 முதல், ஆசிரியரின் பாலியல் அத்துமீறல் பற்றிய குறிப்பைச் சேர்த்தே நூல்களை வெளியிட்டது. சர்வேத்துஸ் எரிக்கப்பட்ட இடத்தில் 1903-ல் கல் நட்டவர்கள் கால்வினை மதிப்பவர்களே. அவர்மேலுள்ள மரியாதையையும் அவர் பிழையின்மேலுள்ள கண்டனத்தையும் ஒரே கல்லில் பொறித்தார்கள். லூத்தரன் சபைகள் லூத்தரின் யூத எதிர்ப்பு எழுத்துகளை 1980-களிலிருந்து வெளிப்படையாக நிராகரித்துவிட்டன. அவருடைய கேள்வி-பதில் நூலை இன்றும் கற்பிக்கின்றன.

எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. ஓர் எபிரேய இலக்கண நூலின் தரம் ஆசிரியரின் ஒழுக்கத்தைப் பொறுத்ததல்ல. ஆனால் 'என்னை நம்புங்கள், நான் இப்படி வாழ்ந்து பார்த்தேன்' என்ற சாட்சியத்தின்மேல் எழுந்த நூல், அந்த வாழ்க்கை பொய்யானதும் அடித்தளம் இழக்கிறது. வனியேயின் ஆன்மிக நூல்கள் இந்த இரண்டாவது வகை. யோடர் இடையில் நிற்கிறார்: போரைப் பற்றிய அவருடைய வாதங்களை அவரை அறியாத ஒருவரும் எடைபோட முடியும், சபைக்குள் அதிகாரமும் ஒழுங்கும் எப்படி இயங்க வேண்டும் என்று அவர் எழுதிய பக்கங்களை, அவர் அந்த ஒழுங்கை எப்படி ஏய்த்தார் என்று தெரியாமல் வாசிப்பது ஆபத்து. ஆகவே குறிப்போடு வெளியிடுவதே பல இடங்களில் சரியான வழி என்று படுகிறது. ஆனால் அந்தக் குறிப்பு 'ஆசிரியரின் வாழ்வில் சில குறைகள் இருந்தன' என்று மழுப்பினால் அது இருந்தும் பயனில்லை. என்ன நடந்தது, யார் கண்டுபிடித்தார்கள், சபை எத்தனை ஆண்டுகள் பேசாமல் இருந்தது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.